மீட்டர் கேஜ் டீசல் லோகோ ஒன்றை மீட்கிறோம், பெயின்ட் பற்றி யோசனை வேண்டும்

ரஸ்தாக்காரன் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை ரஸ்தா. ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சி வளாகம் இருக்கிறது, பெயர் வேண்டாம். அதன் பின்புறக் கருவேலங்காட்டுக்குள், அறுபதடித் தண்டவாளத் துண்டின் மேல் ஒரு மீட்டர் கேஜ் டீசல் லோகோ நிற்கிறது. ஒய்.டி.எம்-4. பையன்களுக்குப் பாடம் நடத்துவதற்காக, ரயில்வேயில் கண்டம் செய்த வண்டியை வாங்கி வந்து வைத்தார்களாம். பாடம் நின்று பல வருடம் ஆகிறது.

நாங்கள் எட்டுப் பேர். கல்லல், காரைக்குடி, கோட்டையூர்ப் பையன்கள். ஆறு மாதம் நடையாய் நடந்து, சுத்தம் செய்து பராமரிக்க எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிட்டோம். கையில் 38,000 ரூபாய் இருக்கிறது.

வண்டியின் நிலைமை: கேபினில் ஒரு கண்ணாடிகூட இல்லை. தாமிரக் கேபிளை வெட்டி எடுத்துவிட்டார்கள். பித்தளை என்று எது இருந்ததோ அது இல்லை. கட்டிய தொழிற்சாலையின் தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகள்தான் மிச்சம். பேட்டரிப் பெட்டிக்குள் கீரிப்பிள்ளை குடியிருக்கிறது. ஆனால் லாங் ஹூட் (இன்ஜினை மூடியிருக்கும் நீளப் பெட்டி) கதவுகளைத் திறந்தால் உள்ளே இன்ஜின் முழுசாக இருக்கிறது. ஆறு சிலிண்டர், டர்போ, பிரேக்குக்கான எக்ஸ்பிரஸர் எல்லாம் இடத்தில் இருக்கின்றன.

2007-ல் ராமேஸ்வரம் வரை அகலப்பாதை வருவதற்கு முன்னால், ராத்திரி வண்டி ரஸ்தா ஸ்டேஷனை விட்டு இழுத்துக் கிளம்பும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அதிரும். தாத்தா தூக்கத்திலேயே "மெயிலு போகுது" என்பார். அந்தச் சத்தம் போட்ட இனத்தில் ஒன்று எங்கள் ஊர் முள்ளுக்குள் கிடக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

பொங்கலுக்குள் பெயின்ட் அடித்து நிறுத்திவிட வேண்டும் என்பது திட்டம். எந்த பிரைமர், எத்தனை கோட், என்ன நிறம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்மலை_ஃபிட்டர் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, ஒரே ஒரு கேள்வி. புகைபோக்கிக்கு மூடி இருக்கா?

ரஸ்தாக்காரன் | ஞாயிறு, இரவு 10.22

இல்லை ஐயா. திறந்துதான் இருக்கிறது. உள்ளே காய்ந்த கூடு ஒன்று கிடந்தது, எடுத்துப் போட்டோம்.

பொன்மலை_ஃபிட்டர் | ஞாயிறு, இரவு 11.05

அப்படின்னா பெயின்ட் கடைக்குப் போறதை நிறுத்துங்க.

நான் பொன்மலையில 31 வருஷம் டீசல் பக்கம் வேலை பாத்தவன். வெளித்தகடு துருப்பிடிச்சா வெட்டிட்டு வேற தகடு வச்சுக்கலாம், வண்டி அதுனால சாகாது. உள்ள போன தண்ணிதான் வண்டியைக் கொல்லும். புகைபோக்கி வழியா விழுற மழை நேரா டர்போவுல இறங்கும். அங்கேருந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. ஆறு சிலிண்டர் இன்ஜின் எந்த இடத்துல நின்னாலும் ரெண்டு சிலிண்டரோட எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையிலதான் இருக்கும். அந்த ரெண்டுக்கும் வானம் பாத்த பூமி கணக்குதான். ஒவ்வொரு ஐப்பசிக்கும் உள்ள மழை பெஞ்சிருக்கும்.

நாளைக்குக் காலையில முதல் வேலையா மூடியைப் போடுங்க. தகரம், அண்டா, எது கிடைச்சாலும் சரி. கம்பி போட்டு இறுக்கிக் கட்டுங்க.

அடுத்தது, ரேடியேட்டர்லயும் பிளாக்லயும் தண்ணியை வடிச்சாங்களான்னு பாருங்க. வடிக்காம விட்டிருந்தா லைனரோட ரப்பர் வளையம் காஞ்சு, கூலிங் தண்ணி சம்புக்குள்ள, அதாவது இன்ஜினுக்கு அடியில இருக்கிற எண்ணெய்த் தொட்டிக்குள்ள, கசிஞ்சிருக்கும். சம்ப் டிரெயினைத் திறந்தா எண்ணெய்க்கு முன்னாடி தண்ணிதான் வரும், அதுதானே கீழ தங்கும்.

முக்கியமான விஷயம். உங்கள்ல யாராவது உற்சாகத்துல லாரி பேட்டரி கொண்டாந்து "சுத்துதான்னு பாப்போம்"னு சொல்லுவாங்க. விடாதீங்க. இந்த வண்டிக்கு ஸ்டார்ட்டர் மோட்டார்னு தனியா கிடையாது. 64 வோல்ட் பேட்டரி, மெயின் ஜெனரேட்டரையே மோட்டாராக்கி இன்ஜினைச் சுத்தும். தண்ணி நிக்கிற சிலிண்டர்ல பிஸ்டன் ஏறினா தண்ணி அமுங்கிக் குடுக்காது. கனெக்டிங் ராடு வளையும், இல்லாட்டி ஹெட்டு பொளக்கும். நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியிலயே ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு சிலிண்டர்லயும் இருக்கிற டெஸ்ட் காக் (சின்னத் திறப்புக் குழாய்) எல்லாத்தையும் திறந்து வச்சு ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் மூடுவோம்.

நிறம் என்னன்னு தை மாசம் பேசிக்கலாம்.

புதுவயல்_மில் | திங்கள், காலை 6.50

ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. புதுவயல்ல எங்கப்பா ஒரு அரிசி மில்லுல இன்ஜின் டிரைவர். பெரிய ஃப்ளைவீல் வச்ச ஒத்தைச் சிலிண்டர் ஆயில் இன்ஜின், கரண்டு போனா அதுதான் கை கொடுக்கும். 2005 அடைமழையில சைலன்சர் குழாய் மேல இருந்த தகரம் காத்துல பறந்ததை யாரும் கவனிக்கல. மழை விட்டு நாலாம் நாள், ஏர் பாட்டிலைத் திறந்து ஸ்டார்ட் விட்டாங்க. ஒரே ஒரு சத்தம், அம்மிக்கல்லை மாடியிலேருந்து போட்ட மாதிரி. ராடு வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. அப்பா ரெண்டு நாள் சாப்பிடல. அந்த இன்ஜினுக்கே இப்படின்னா ஆறு சிலிண்டருக்கு நெனச்சுப் பாருங்க.

அப்புறம், வடிக்கிற பழைய எண்ணெயை மண்ணுல ஊத்திடாதீங்க தம்பி. அந்தப் பக்கத்து நீர் எல்லாம் கண்மாயிலதான் சேரும். பேரல்ல பிடிச்சு வைங்க, பழைய ஆயில் எடுக்கிற லைசென்ஸ் ஆளுங்க இருக்காங்க, நான் சொல்லி விடுறேன்.

வளவுவீடு | திங்கள், காலை 11.30

எனக்கு இன்ஜின் தெரியாது. வீடு தெரியும். கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டைப் பழுது பார்த்தபோது நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

முகப்புச் சுவரில் நூறு வருடப் பூச்சு. சுண்ணாம்பு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கியது. ஓரிடத்தில் மட்டும் ஈரம் கண்டு கறுத்திருந்தது. வீட்டில் கல்யாணம் வருகிறதே என்று அவசரப்பட்டு, அதன் மேல் கடையில் விற்கும் எமல்ஷனை அடித்தோம். கல்யாணத்துக்கு அழகாகத்தான் இருந்தது. எட்டு மாதத்தில் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, பழைய பூச்சையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஈரம் உள்ளே இருந்திருக்கிறது, வெளியேற வழியை நாங்கள்தான் அடைத்திருக்கிறோம். ஓடு மாற்றி, கூரை ஒழுகலை நிறுத்தி, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டிருந்தால் நாலு சதுர அடிப் பூச்சு வேலையோடு முடிந்திருக்கும். இப்போது முழுச் சுவரும் போய்விட்டது. அப்படித் தேய்க்கத் தெரிந்த கொத்தனார் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பொங்கல் என்று நாள் குறிக்காதீர்கள் தம்பி. நாள் குறித்தால் கை அவசரப்படும்.

ஆத்தங்குடி_பூக்கல் | திங்கள், மாலை 4.10

நான் வடிவமைப்பு படிக்கிறேன். நம் ஊர் அடையாளம் தெரிகிற மாதிரி, லாங் ஹூட் முழுக்க ஆத்தங்குடிக் கல் பூக்களை வரைந்தால் எப்படி இருக்கும்? பார்க்க வருகிற குழந்தைகளுக்குப் பிடிக்கும். இலவசமாகவே செய்து தருகிறேன், ஆறேழு நண்பர்கள் இருக்கிறார்கள்.

ரயில்_நூலகம் | திங்கள், இரவு 8.00

பூக்கல் தம்பி, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆனால் அந்தத் தகட்டில் ஏற்கெனவே ஒரு சரித்திரம் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பெரிய பழுதுபார்ப்பின்போதும் ஷெட்டில் பழைய நிறத்தின் மேலேயே புது நிறம் அடித்திருப்பார்கள். கேபின் பக்கவாட்டில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓரிடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் தொட்ட நைஸ் உப்புத்தாளால் நடுவிலிருந்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி ஒவ்வொரு கோட்டும் தெரியும். அதைப் படம் எடுத்து வையுங்கள். என்ன நிறம் என்பதற்குப் பதில் அந்த வண்டியிடமே இருக்கிறது.

உலராகத் தேய்க்கவே கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். எக்ஸாஸ்ட் குழாயில் சுற்றியிருக்கும் வெள்ளை நார் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதைக் கையால் பிய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, தடிமனான பாலித்தீன் சுற்றி, தெரிந்தவர் வரும்வரை விட்டு வையுங்கள். துணியை மூக்கில் கட்டினால் போதாது, சரியான வடிகட்டி முகமூடி வேண்டும்.

வண்டி பற்றிச் சுருக்கமாக: ஒய்.டி.எம்-4 அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு. 1960-களின் தொடக்கத்தில் அங்கிருந்து கப்பலில் வந்தன. கனடாவின் மான்ட்ரியலில் கட்டியவை ஒய்.டி.எம்-4ஏ என்ற பெயரில் வந்தன. 1968-லிருந்து வாராணசியில் நாமே கட்டினோம். ஆல்கோ 1969-லேயே லோகோ கட்டுவதை நிறுத்திவிட்டது. அவர்கள் கடையை மூடிய பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்த வடிவமைப்பை உயிரோடு வைத்திருந்தது வாராணசி. 72 டன் எடை, ஆறு அச்சு, அச்சுக்கு 12 டன். இலேசான மீட்டர் கேஜ் தண்டவாளம் அதைத்தான் தாங்கும்.

பொன்மலை_ஃபிட்டர் | திங்கள், இரவு 8.40

நூலகம் சார் சொன்னது சரி. பூக்கல் தம்பி வருத்தப்படாதீங்க, உங்களுக்கு வேற வேலை இருக்கு. கையில வரையத் தெரிஞ்ச ஆள் எங்களுக்கு வேணும். கழட்டுற ஒவ்வொரு சாமானையும், எந்த போல்ட் எந்தத் துளையிலன்னு வரைஞ்சு நம்பர் போடணும். போட்டோவுல நிழல் விழுந்து பாதி தெரியாது. படத்துல தெரியும்.

ரஸ்தாக்காரன் | வியாழன், இரவு 9.15

புகைபோக்கி மூடியாச்சு. வளவுவீடு ஆச்சி அவர்கள் வீட்டு இரண்டாம் கட்டிலிருந்து ஒரு பழைய அலுமினிய அண்டாவைக் கொடுத்தனுப்பினார்கள். ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டா. கவிழ்த்துப் போட்டதும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

இன்று சம்ப் டிரெயினைத் திறந்தோம். ஐயா சொன்னபடியே முதலில் தண்ணீர்தான் வந்தது. 20 லிட்டர் கேன் மூன்று நிறைந்த பிறகு, பால் கலந்த காபிபோல ஒரு கலவை. அதற்கும் பிறகுதான் கறுப்பு எண்ணெய்.

அந்தக் கறுப்பு எண்ணெயிலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, ஐயா தொலைபேசியில் சொன்ன சோதனையைச் செய்தோம். வாசல் டீக்கடையில் ஒரு பழைய தோசைக்கல் வாங்கி, நன்றாகச் சூடேற்றி, ஒரு சொட்டு விட்டோம். சுத்தமான எண்ணெய் என்றால் சும்மா பரவிப் புகையும். இது கடுகு தாளித்த மாதிரி படபடவென்று பொரிந்தது. அடுத்தடுத்து ஐந்து கேன்களிலிருந்து சொட்டு எடுத்துப் பார்த்தோம். ஐந்தாவதில்தான் சத்தம் அடங்கியது. டீ மாஸ்டரே வந்து குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

எல்லாம் பேரலில் பத்திரமாக இருக்கிறது, மில் அண்ணே.

பொன்மலை_ஃபிட்டர் | வியாழன், இரவு 10.00

நல்லது. இப்ப கிராங்க்கேஸ் கதவுகளைக் கழட்டி, டார்ச் அடிச்சுக் கிராங்க்ஷாஃப்ட்டைப் பாருங்க. எண்ணெய்ப் படலம் இருக்கிற இடம் தேன் கலர்ல மின்னும். தண்ணி தொட்ட இடம் செம்பட்டையாத் தெரியும். படம் அனுப்புங்க.

அப்புறம் டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் ஆறையும் கழட்டுங்க. துளை வழியா ஒரு மெல்லிசு ஹோஸை விட்டு, உள்ள தண்ணி நிக்குதான்னு உறிஞ்சிப் பாருங்க. தண்ணியை எடுத்த பிறகுதான் எண்ணெய் ஊத்தணும். முதல்லயே ஊத்தினா எண்ணெய் தண்ணி மேல மிதக்கும், ரிங்குக்குப் போய்ச் சேராது. எங்கேயெல்லாம் தண்ணின்னு எழுதி வச்சுக்குங்க.

குன்னூர்_பாதை | வெள்ளி, காலை 7.20

இந்த இழையை நேற்று ராத்திரி முழுக்க வாசித்தேன். இந்த வண்டி உயிரோடு ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எங்கள் மலைக்கு வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும்தான் பற்சக்கர நீராவி இன்ஜின். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு நீலகிரி ரயிலை இழுப்பது ஒய்.டி.எம்-4. நீராவியைப் படம் எடுக்கக் கூட்டம் முண்டியடிக்கும், டீசல் மாட்டியதும் கேமராவை உள்ளே வைத்துவிடுவார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. என்றைக்காவது இதை ஸ்டார்ட் செய்கிற யோசனை இருந்தால், ஃப்யூயல் ரேக்கை மறக்காதீர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஃப்யூயல் பம்ப். ஆறையும் சேர்த்து இழுக்கும் கம்பி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் போய் முடியும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ஏதாவது ஒரு பம்பின் ரேக் துருப்பிடித்து, எரிபொருள் திறந்த நிலையில் இறுகியிருக்கும். அப்படியே கிளப்பினால் கவர்னர் குறைக்கச் சொன்னாலும் குறையாது, வேகம் ஏறிக்கொண்டே போகும். விரலால் தள்ளினால் ஆறும் வெண்ணெய்போல வழுக்க வேண்டும். அதுவரை டீசல் ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது.

ரயில்_நூலகம் | வெள்ளி, காலை 9.00

ஸ்டார்ட் செய்கிற பேச்சு வந்ததால் என் கருத்தைத் தெளிவாக வைக்கிறேன். வேண்டாம். தாமிரக் கேபிள் முழுவதும் போய்விட்டது. பேரிங்குகள் தண்ணீரில் ஊறியிருக்கின்றன. அறுபதடித் தண்டவாளத்தில் எங்கே போகப் போகிறது? ஐந்து நிமிடச் சத்தத்துக்காக இருக்கிற கிராங்க்ஷாஃப்ட்டை இழந்தால், நாளைக்குப் படிக்க வருகிறவனுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. உலர்த்துங்கள், எண்ணெய் பூசுங்கள், கூரை போடுங்கள். இந்த இனத்துக்குச் செய்கிற பெரிய மரியாதை அதுதான்.

பொன்மலை_ஃபிட்டர் | வெள்ளி, இரவு 9.30

சார், உங்க பயம் நியாயமானது. கேபிள் இல்லாம, ஆயில் டெஸ்ட் இல்லாம, மெகர் (கரண்டு கசியுதான்னு பாக்கிற கருவி) வச்சு ஜெனரேட்டரைப் பாக்காம நானும் ஸ்டார்ட் பண்ண விடமாட்டேன். ஆனா ஓட்டுறது வேற, சுத்துறது வேற. பாரிங் கருவியைப் போட்டு, கையால, மாசத்துக்கு ஒரு தடவை சுத்தி வேற இடத்துல நிறுத்தணும். அப்பத்தான் ஒரே வால்வு, ஒரே ரிங்கு ஒரே இடத்துல உக்காந்து ஒட்டாது. அசையாத இன்ஜினுக்கு எத்தனை கூரை போட்டாலும் அது இரும்புக் கட்டிதான்.

1855-ல செஞ்ச ஃபேரி குயின் நீராவி இன்ஜினை 1997-ல திரும்ப ஓட்டினாங்க. அதுக்கு முன்னாடி அது மியூசியத்துல நின்னதுதானே? நின்ன காலத்துல அதை ஒழுங்கா வச்சிருந்தாங்க. நாம இன்னைக்கு முடிவு பண்ண வேண்டியது ஓட்டுறதா வேணாமான்னு இல்லை சார். இருபது வருஷம் கழிச்சு வர்றவன் அந்த முடிவை எடுக்கிற மாதிரி வச்சுட்டுப் போறோமா, அதான்.

எங்க காலத்துல இன்ஜினை நிறுத்தின பிறகும் யாரும் உடனே நகர மாட்டோம். டர்போ மட்டும் ஊய்ன்னு தனியாச் சுத்திக்கிட்டிருக்கும். அது எத்தனை நேரம் தாக்குப் பிடிக்குதுன்னு காதாலேயே எண்ணுவோம். சீக்கிரம் நின்னா பேரிங்ல கோளாறுன்னு அர்த்தம். அந்தக் காது இருக்கிறவங்க இன்னும் கொஞ்சம் பேர் உயிரோட இருக்கோம். நாங்க இருக்கும்போதே அந்தப் பையன்களுக்குத் தொட்டுக் காட்டணும்.

ரயில்_நூலகம் | வெள்ளி, இரவு 10.10

கையால் சுற்றுவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை ஐயா. ஸ்டார்ட் செய்யும் பேச்சை மட்டும் தள்ளி வைப்போம்.

ஈப்போ_பேத்தி | சனி, காலை 8.45

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஐயா பள்ளத்தூரிலிருந்து வந்தவர். 1990-களில் இங்குள்ள ரயில்வேக்காரர்கள் இந்தியாவிலிருந்து ஒய்.டி.எம்-4 வண்டிகளைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டினார்கள். ஈப்போ ஸ்டேஷனில் அதைப் பார்த்த அன்று ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊரு இன்ஜின்த்தா" என்று சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. மியான்மருக்கும் இதே வண்டிகள் போயிருக்கின்றன. பர்மாவிலிருந்து தேக்கு நம் ஊருக்கு வந்தது, நம் ஊர்ப் பக்கம் ஓடிய இன இன்ஜின் பிற்காலத்தில் பர்மாவுக்குப் போனது. அங்கேயும் ஆயிரம் மில்லிமீட்டர் பாதைதான்.

பணம் எப்படி அனுப்புவது என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

ரஸ்தாக்காரன் | அடுத்த செவ்வாய், இரவு 10.30

இரண்டு செய்திகள்.

முதலாவது. இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்த்தோம். 1, 2, 3, 5 உலர்ந்திருந்தன. 6-ல் ஈரம். 4-ல் இரண்டரை லிட்டர் தண்ணீர் நின்றது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு கிட்டத்தட்ட 11 லிட்டர் என்பதால் கால்வாசி. உறிஞ்சி எடுத்த பிறகு ஆறுக்கும் எண்ணெய் ஊற்றி ஊற வைத்திருக்கிறோம்.

இரண்டாவதைச் சொல்ல வேண்டுமா என்று நாள் முழுக்க யோசித்தேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இடித்த வீடுகளின் தூண், நிலை, ரவிவர்மா படம், எனாமல் கிண்ணம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். நம் வண்டியின் பித்தளை எதுவும் கிடைக்குமா என்று ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினேன். நாலாவது கடையில், ஒரு மரக் கதவுக்கும் பீங்கான் ஜாடிக்கும் நடுவில், வாராணசி டீசல் லோகோ தொழிற்சாலையின் தகடு. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. கடைக்காரர் 9,000 ரூபாய் சொன்னார். நான் முன்பணம் கொடுக்கவே போய்விட்டேன். பூக்கல் தம்பிதான், "அண்ணே, முதல்ல துளையை அளப்போம்" என்றான். அவன் ரிவெட் துளைகளின் இடைவெளியை முன்பே வரைந்து வைத்திருந்தான்.

பொருந்தவில்லை. தகட்டில் இருந்த வருடம் 1986. வளாக அலுவலகத்தில் தேடி எடுத்த பழைய விற்பனைக் கடிதத்தில் நம் வண்டி கட்டிய வருடம் 1978 என்று இருக்கிறது. அது வேறு வண்டியின் தகடு. அந்த வண்டி அநேகமாக எங்கேயோ உருக்காலையில் கரைந்து போயிருக்கும்.

குழுவில் இப்போது இரண்டு கட்சி. வாங்கி மாட்டிவிடலாம், பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியப் போகிறது என்று நாலு பேர். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

பொன்மலை_ஃபிட்டர் | செவ்வாய், இரவு 11.00

மாட்டாதீங்க.

ஒரு விஷயம் புரிஞ்சுக்குங்க தம்பி. ஷெட்டுல நாங்க சாமானை மாத்தி மாத்தித்தான் போட்டோம். இந்த வண்டியோட ஜெனரேட்டர் அந்த வண்டிக்கு, அந்த வண்டியோட மோட்டார் இதுக்கு. ஆறு டிராக்‌ஷன் மோட்டாரும் ஆறு வண்டியிலேருந்து வந்ததா இருக்கலாம். அது வேலை, அதுல பொய் இல்லை. தகடு அப்படியில்லை, அது பிறந்த சான்றிதழ். ஒருத்தன் சான்றிதழை இன்னொருத்தனுக்கு வைக்கக் கூடாது.

வளவுவீடு | புதன், காலை 10.00

நாங்களும் அதே தெருவில்தான் வேறு வீட்டுத் தூண் இரண்டை வாங்கினோம். பார்ப்பவர்கள் எல்லாம் "உங்க பாட்டையா காலத்துத் தூணா?" என்று கேட்கும்போது ஒவ்வொரு முறையும் நா தடுமாறும். அந்த நாலு துளையை அப்படியே விடுங்கள். துருப்பிடிக்காமல் எண்ணெய் மட்டும் தடவுங்கள்.

ரயில்_நூலகம் | புதன், காலை 10.40

அந்தத் தகட்டின் எண்ணை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த வண்டி என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். கடைக்காரரிடமும் பேசுங்கள். திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்கலாம், ஓர் எண்ணோடு அது அங்கே இருந்தால் அந்த வண்டிக்கும் ஓர் இடம் கிடைத்த மாதிரி.

ரஸ்தாக்காரன் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.20

இன்று சுற்றினோம்.

ஐயா காலை ஆறு மணி வண்டிக்கே திருச்சியிலிருந்து ஏறி வந்துவிட்டார். வந்ததும் இன்ஜினைத் தொடவில்லை. ஹூட் பக்கத்து நடைபாதையில் ஒரு தடவை முழுக்க நடந்தார், கதவுக் கொண்டிகளைத் தடவிப் பார்த்தார், பிறகுதான் சட்டையைக் கழற்றி வைத்தார்.

கைப்பம்பு வைத்து, பேரிங்குகளுக்குப் புது எண்ணெய் போய்ச் சேரும்வரை ஒரு மணி நேரம் அடித்தோம். கிராங்க்கேஸுக்குள் டார்ச் அடித்து, ஒவ்வொரு பேரிங்கின் ஓரத்திலும் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்த பிறகே பாரிங் கருவியைப் போட விட்டார். டேப்பட் கவர்களைத் திறந்து, ஹெட்டுக்கு நாலு வால்வு வீதம் இருபத்துநாலையும் எண்ணினோம். 4-ம் ஹெட்டில் ஓர் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "அதைப் பாத்துக்கிட்டே மெதுவாத் தள்ளுங்க, பிஸ்டன் வந்து தொட்டா கை சொல்லும்" என்றார்.

மூன்று பேர் பாரில் தொங்கினோம். அசையவில்லை. திரும்ப மறுபக்கம். விரல் அகலம் நகர்ந்து நின்றது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும், முக்கால் மணி நேரம். பிறகு உள்ளே எங்கேயோ 'க்ளக்' என்றது. எனக்கு ஏதோ உடைந்துவிட்டது என்று வயிறு கலங்கியது. ஐயா பிளாக்கில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ரிங்கு விட்டுடுச்சு. தள்ளு" என்றார்.

கால் சுற்று. அரைச் சுற்று. இன்ஜெக்டர் துளைகளிலிருந்து எண்ணெயும் காற்றுமாகப் புஸ் புஸ்ஸென்று ஒவ்வொன்றாக மூச்சு வந்தது. ஒன்று, பிறகு தள்ளி இன்னொன்று. ஆறாவது மூச்சுக்கு முன்னாலேயே, ஒன்றே கால் சுற்றில், பார் கல்லில் முட்டிய மாதிரி நின்றது. எதிர்பார்த்த இடம்தான். தாழ்ந்திருந்த வால்வைப் பிஸ்டன் தொட்டுவிட்டது. ஐயா உடனே பாரை எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஆகவே அடுத்த வேலை 4-ம் ஹெட்டை இறக்குவது. பெயின்ட் பணத்தில் எண்ணெய்க்கும் ஹோஸுக்கும் போக 21,000 மிச்சம் இருக்கிறது. ஹெட் கேஸ்கட் எங்கே கிடைக்கும் என்று குன்னூர்ப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரை டன் தாங்குகிற செயின் பிளாக்கும், அதைத் தொங்கவிட ஒரு முக்காலியும் வேண்டும்.

புதுவயல்_மில் | ஞாயிறு, இரவு 8.31

செயின் பிளாக் மில்லுல சும்மாதான் கிடக்கு, ஒரு டன் தாங்கும். முக்காலிக்கு மூணு பனைமரத் துண்டு வெட்டி வச்சிருக்கேன். சனிக்கிழமை சாயங்காலம் டாட்டா ஏஸ்ல ஏத்தி விடுறேன், கேட்டைத் திறந்து வைங்க.